மேய்ந்த தடம்

மோர்ப்பண்ணை ஐஸ் கம்பெனியின் கிழக்குச் சுவர்.
நாற்பதடி நீளம், பதினோரு அடி உயரம்,
சதுர அடிக்குப் பதினெட்டு ரூபாய்,
பெயின்ட் அவர்களுடையது.
தலைப்பையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள்:
'மனித வாழ்வின் செழிப்பும் இயற்கையும்.'

கேணிக்கரையிலிருந்து பஸ்ஸில் வரும்போது
அந்தச் சொல்லை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
இதுவரை நான் வரைந்ததெல்லாம்
சிமென்ட் மூட்டை, கட்சிச் சின்னம், காதுகுத்து வாழ்த்து.
செழிப்புக்கு என்ன நிறம்?

ஐஸ் உடைக்கும் சகாயராணியைக் கேட்டேன்.
"ஒரு நாளாவது கை சூடா இருக்கணும்" என்றாள்.
வலை பொத்திக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.
"சொசைட்டிக் கடன் முடிஞ்ச சீட்டு" என்றார்.
சீட்டை வரைந்துவிடலாம்.
கையின் சூட்டை?

அதிகாரி கொடுத்த மாதிரிப் படத்தில்
ஒரு சிறுமி ஆவுளியாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
இரண்டு பேரும் சிரித்தார்கள்.
மூன்று நாளில் அப்படியே சுவரில் ஏற்றினேன்.
சாரத்தில் நின்று கீழே பார்த்தால்
பார்க்கிறவர் ஒருவரும் சிரிக்கவில்லை.

கோட்டைச்சாமி மட்டும் கிட்டே வந்தார்.
"ஆவுளியா சிரிக்காது தாயி.
அதுக்கு வாய் கீழ பாத்துத்தான் இருக்கும்,
மேயிற சீவன்.
கட்டிப்பிடிக்கல்லாம் விடாது."

பிறகு, நான் கேட்காமலே:
"போன ஆடியில வலையில ஒண்ணு.
மூச்செடுக்க மேல வர முடியல. முழியப் பாத்தேன்.
பன்னெண்டாயிரம் ரூவா வலை. அறுத்துவிட்டேன்.
அது திரும்பிக்கூடப் பாக்கல.
அதுதான் எனக்குப் பிடிச்சுப்போச்சு."

மறுநாள் விடியலில் வள்ளத்தில் கூட்டிப்போனார்.
கச்சான் அடங்கி, கடல்
கழுவிக் கவிழ்த்த தட்டாய்க் கிடந்தது.
ஒன்றரைப் பாகத் தண்ணீர்.
கீழே தாழை,
பச்சைக்குள் பச்சை,
நீர் சாய்த்த பக்கம் சாய்ந்து.
அதன் ஊடே ஒரு கோடு.
மணல் தெரிய, வளைந்து வளைந்து,
அவசரமில்லாத ஏர்ச்சால் மாதிரி.
"மேஞ்ச தடம்" என்றார். "ஆளு போயிருச்சு."
"திரும்ப முளைக்குமா?"
"முளைச்சாத்தான மறுபடி வரும்?"

அந்தக் கோடே எனக்குப் போதுமாயிருந்தது
என்று சொன்னால் பொய்.
வெயிலேறிக் கண் கூசும்வரை
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வரவில்லை.

வந்து சிறுமியை அழித்தேன். சிரிப்புகளை அழித்தேன்.
நாற்பதடிக்கும் தாழை.
தரையிலிருந்து மூன்றடிக்கு மேலே
ஒரு முழ அகலம் மட்டும்
நெளிந்து போகிற வெறும் சுவராய் விட்டேன்.

அதிகாரி ஜீப்பைவிட்டு இறங்காமலே கேட்டார்:
"மனுஷன் எங்கம்மா இதுல?"
எனக்குத் தெரியவில்லை.
முக்கால் பணம்தான் வந்தது.

கார்த்திகையில் வேறு சுவருக்காகத் தொண்டி போகையில்
பாதியில் இறங்கிப் பார்த்தேன்.
வாடைக்காற்று கீழ்வரிசைத் தாழையில்
உப்பைப் பூக்கவைத்திருந்தது.
பச்சை பொருக்குப் பொருக்காய் உதிர்ந்து
காலடியில் கிடந்தது.
திட்டினேன், காற்றையா மட்டமான பெயின்ட்டையா தெரியாமல்.

மழை விட்ட மத்தியானம்.
ஐஸ் உடைக்கிறவர்கள் தூக்குச்சட்டிகளோடு
வரிசையாய்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்,
நான் விட்ட வெற்றுத் தடத்தில் தலை சாய்த்து.
அவர்கள் இல்லாத இடங்களில்
தலைக்கொன்றாய் எண்ணெய்க் கறை.
ஒன்று மட்டும் எட்டாமல், தடத்துக்குக் கீழே,
தாழைக்குள்.
யார் வீட்டுப் பிள்ளையோ.

சகாயராணி நகர்ந்து இடம் கொடுத்தாள்.
காலை வெயில் இன்னும் சுவருக்குள் இருந்தது.
சாப்பிட்டு முடித்தவள்
இரண்டு உள்ளங்கைகளையும் முதுகுக்குப் பின்னால்
சுவரில் ஒட்டிவைத்திருந்தாள்.

"கருவாட்டுக் குழம்பு மிச்சமிருக்கு" என்றாள்,
கையை எடுக்காமல்.
"நீயே தொறந்து போட்டுக்க."